கப்பலுக்கு ஃபைபரா, ஸ்டீலா?

கோவளம், மாமல்லபுரம் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து, கரையெல்லாம் ஃபைபர் போட்டுதான். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. அப்படியானால் சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலையும் ஃபைபரில் கட்டினால் என்ன?

ஃபைபர் என்று நாம் சொல்வது, கண்ணாடி இழைப் பாயை மோல்டில் விரித்து, பாலியஸ்டர் ரெசின் பூசி இறுக வைப்பது. ஒரு கன மீட்டர் சுமார் 1,600 கிலோ; ஸ்டீல் 7,850 கிலோ. பலத்திலும் ஃபைபர் சோடை போகாது. மாட்டிக்கொள்வது யங்ஸ் மாடுலஸில்தான். ஸ்டீலுக்கு சுமார் 200 ஜிகா பாஸ்கல், ஃபைபருக்கு 15 வாக்கில்.

சின்ன போட்டு அலையோடு மொத்தமாக ஏறி இறங்கிவிடும். 200 மீட்டர் கப்பல் அப்படியல்ல, அது ஒரு பீம். அலை முகடு நடுவில் வந்தால் இரண்டு முனையும் தொங்கும், இது ஹாகிங். முகடுகள் முனைகளில் வந்தால் நடு வயிறு தொய்யும், இது சாகிங். இந்த வளைவை ஸ்டீல் கப்பல் அளவுக்குக் கட்டுப்படுத்த, ஃபைபர் சுமார் 13 மடங்கு தடிமன் வேண்டும். எடையைப் போட்டுப் பாருங்கள்: 13 × 1,600 ÷ 7,850 = 2.65. லேசான பொருள் என்று எடுத்தோம், இரண்டரை மடங்குக்கு மேல் கனத்துவிட்டது!

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கூடுவாஞ்சேரியில் கேட், கிரில் அடிக்கும் வெல்டர். "எல்லாம் ஃபைபர் ஆயிட்டா எங்க பொழப்பு என்னடா ஆகும்?" என்று ஒருநாள் கேட்டார். மேலே உள்ள கணக்கை அவருக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன்.

ஃபைபர் ஜெயித்த இடமும் உண்டு. கடல் கண்ணிவெடிகளில் சில, ஸ்டீலின் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்கும். அதனால் பிரிட்டிஷ் கடற்படை 1973-ல் சுமார் 46 மீட்டர் நீள வில்டன் என்ற கண்ணிவாரிக் கப்பலை ஃபைபரில் கட்டிச் சேர்த்தது. பிறகு வந்த ஹன்ட் வகை 60 மீட்டர்.

தீ விஷயம் தனி. பாலியஸ்டர் எரியும், கரும்புகை கக்கும். பெரிய கப்பல்களின் உடல் ஸ்டீலிலோ அதற்கு ஈடான பொருளிலோ இருக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேச விதி. தேய்ந்த ஸ்டீல் தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டு செய்யலாம். கப்பலே கிழடானாலும் குஜராத்தின் அலங்கில் உடைத்து, அந்த இரும்பு மறுபடி கம்பியாகிறது. பழைய ஃபைபர் ஹல்லை அப்படி உருக்க முடியாது.

லேபில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் ஒரு ஃபைபர் பட்டை, ஒரு எம்.எஸ். ஃப்ளாட் எடுங்கள். ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, டயல் கேஜில் இறக்கத்தைப் படியுங்கள்.