விண்ணிலிருந்து மண்ணைப் படித்தல்

நுழையும் முன்

ஏட்டில் எழுதியதைப் படிப்பவர் பலர்; நிலத்தில் எழுதியதைப் படிப்பவர் சிலர். செயற்கைக்கோள் அனுப்பும் படத்திலிருந்து பயிரின் வாட்டத்தையும் மலையின் விரிசலையும் படித்தறியும் கல்வி, இன்று பல்கலைக்கழகங்களில் உயர்நிலைப் படிப்பாக வளர்ந்துள்ளது. அக்கல்வியின் இயல்பையும் அதனைக் கற்போரின் கடமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலை சரிந்த நாள்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் காலை. உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கை ஆற்றிலும் அது கலக்கும் தௌலிகங்கை ஆற்றிலும் திடீரெனப் பெருவெள்ளம் பாய்ந்தது. அது மழைக்காலம் அன்று. சேறும் பாறையும் கலந்து வந்த வெள்ளம், ஆற்றங்கரையில் இருந்த இரண்டு நீர்மின் திட்டங்களைச் சிதைத்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுள் பெரும்பாலோர் அத்திட்டங்களில் பணியாற்றிய தொழிலாளர்கள்.

பனியாறுகளின் அருகே தேங்கிய ஏரி உடைந்திருக்கலாம் என்று முதலில் பலரும் கருதினர். செயற்கைக்கோள் படங்கள் வேறொரு செய்தியைக் கூறின. வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, ரோண்டி சிகரத்தின் செங்குத்தான சரிவில், ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில், புதிய வடு ஒன்று தென்பட்டது. அங்கிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் அளவுள்ள பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து, ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே இருந்த பள்ளத்தாக்கில் விழுந்திருந்தன. விழுந்த வேகத்தில் எழுந்த உராய்வின் வெப்பம் பனிக்கட்டியை உருக்கியது; அந்நீரே சேற்று வெள்ளமாய்ப் பெருகியது. உடைந்தது ஏரி அன்று, மலையே என்பது புலனாயிற்று.

இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. பழைய படங்களை எடுத்து நோக்கியபோது, அப்பாறைத்தொகுதி சில ஆண்டுகளாகவே சிறிது சிறிதாக நகர்ந்து வந்தமை தெரியவந்தது. படங்கள் முன்பே இருந்தன. அவற்றின் பொருள் பின்னரே அறியப்பட்டது. நிலத்தைப் படிக்கும் கல்வி ஏன் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வினும் தெளிவான சான்று தேவையில்லை.

இரு துறைகள்

ஒரு பொருளைத் தொடாமலே, அதிலிருந்து வரும் ஒளி முதலிய அலைகளைக் கொண்டு அதன் தன்மையை அறிவது தொலையுணர்வு. இடத்தோடு தொடர்புடைய தகவல்களைத் தொகுத்து, அடுக்கி, ஆராய்ந்து, நிலப்படமாகத் தரும் கணினி முறை புவித்தகவல் அமைப்பு. முன்னது காண்கிறது, பின்னது கண்டவற்றைத் தொடர்புபடுத்துகிறது. ஆகவே இவ்விரண்டும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இணைத்தே கற்பிக்கப்படுகின்றன.

தேராதூன்: அளவையின் ஊர்

நிலத்தை அளக்கும் கலைக்கும் தேராதூன் நகருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணி, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயமலை அடிவாரமாகிய தேராதூன் பகுதியை எட்டியது. 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் தலைமையகமும் இந்நகரிலேயே உள்ளது.

இந்நகரில் 1966இல், நெதர்லாந்து நாட்டு நிறுவனமொன்றின் ஒத்துழைப்புடன், வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைப் படித்துப் பொருள் காண்பதற்கான பயிற்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதுவே இன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். வேளாண்மை, காடு, நீர்வளம், நிலவியல், நகரமைப்பு, பேரிடர் மேலாண்மை எனப் பல பிரிவுகளில் இங்கு உயர்கல்வி வழங்கப்படுகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பிற கல்வி நிறுவனங்களிலும் இத்துறைப் படிப்புகள் உள்ளன.

தென்னந்தோப்பில் பிறந்த துறை

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிகழ்ந்தது. 1970ஐ ஒட்டிய காலத்தில் கேரளத்துத் தென்னைகளை வாடல் நோய் தாக்கியது. அறிவியலாளர் பி. ஆர். பிஷாரடி தலைமையிலான குழுவினர், ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புக் கதிர்களை உணரும் படச்சுருளில் தோப்புகளைப் படம் எடுத்தனர். நலமான மரமும் நோயுற்ற மரமும் அப்படங்களில் வேறுவேறாகத் தோன்றின.

இதன் காரணம் இலையின் அமைப்பில் உள்ளது. நலமான இலை, ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை மிகுதியாக உட்கொள்ளும். நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக எதிரொளிக்கும். வாடும் இலையில் இந்த வேறுபாடு குறையும். இவ்வாறு ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு அலைகளை வெவ்வேறு அளவில் எதிரொளிக்கும் பாங்கே அதன் நிறமாலைக் கையொப்பம் எனப்படும்.

இக்கருத்தைக் கொண்டு மாணவர்கள் தாவரக் குறியீட்டெண்ணைக் கணக்கிடக் கற்கின்றனர். அகச்சிவப்பு அளவிலிருந்து சிவப்பு அளவைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். ஓரிடத்தில் அகச்சிவப்பு 0.50, சிவப்பு 0.10 எனில், 0.40ஐ 0.60ஆல் வகுக்க 0.67 வரும், அது செழிப்பான பசுமையைக் குறிக்கும். அகச்சிவப்பு 0.30, சிவப்பு 0.15 எனில் விடை 0.33, அங்கே பசுமை குறைவு. நான்கு வரிக் கணக்கில் ஒரு மாவட்டத்தின் பயிர்நிலை புலப்பட்டுவிடும்.

பின்னர், 1988 மார்ச் 17இல் விண்ணில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளால் இந்தியா தன் நிலத்தைத் தானே தொடர்ந்து காணும் திறன் பெற்றது.

உயர்கல்வியில் கற்பவை

தொடக்கநிலையில் படத்தைப் பார்க்கக் கற்கும் மாணவர், உயர்நிலையில் அதனை ஐயுறக் கற்கிறார். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பது முதல் வினா. 23.5 மீட்டர் நுணுக்கமுடைய படத்தில் பெரிய ஏரி தெரியும். சிறு குடிசை தெரியாது. 5.8 மீட்டர் நுணுக்கத்தில் அகன்ற சாலையும் பெரிய கட்டடமும் தெளிவுறும்.

அடுத்தது அடுக்காய்வு. சரிவின் சாய்வு, பாறையின் வகை, மழையளவு, காட்டின் பரப்பு, சாலை, குடியிருப்பு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக அமைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், நிலச்சரிவுக்கு இடமான பகுதிகள் தெரியவரும். ஓர் அடுக்கு சற்று விலகிப் பொருந்தினாலும் முடிவு பிழைபடும். ஆதலின், உருண்டையான புவியைத் தட்டையான தாளில் அமைக்கும் வரைபடக் கணிதம் இக்கல்வியின் அடிப்படையாகிறது.

மேகம் மூடிய நாளிலும் இரவிலும் காண உதவுவது ராடார். இருவேறு நாள்களில் பெற்ற ராடார் அலைகளை ஒப்பிட்டு, நிலம் சில சென்டிமீட்டர் அளவு நகர்ந்திருப்பினும் கண்டறியலாம். இப்பணிக்கென இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இவற்றோடு கணினி நிரல் எழுதுதலும் புள்ளியியலும் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் மாணவர் தம் முடிவைக் களத்தில் சரிபார்த்த பின்னரே அது ஏற்கப்படும். கணினி காடு என வகுத்த இடம் உண்மையில் தேயிலைத் தோட்டமாக இருக்கலாம். நூறு இடங்களுக்குச் சென்று நோக்கி, எண்பத்தைந்து பொருந்தினால், முடிவின் துல்லியம் 85 விழுக்காடு என்று எழுதுவர். பொருந்தாத பதினைந்தையும் மறைக்காமல் எழுதுவதே அறிவியல் ஒழுக்கம்.

அறிவும் பொறுப்பும்

மீண்டும் சமோலி மலைக்கு வருவோம். விரிசலை முன்பே கண்டிருந்தால் உயிர்களைக் காத்திருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இமயமலையில் விரிசலுற்ற சரிவுகள் பல உள்ளன. எங்கே மலை நகர்கிறது என்பதைப் படம் காட்டும். எந்த நாளில் விழும் என்பதை அது எளிதில் கூறாது. ஒவ்வொரு விரிசலுக்கும் எச்சரிக்கை விடுத்தால் மக்கள் அதனைப் பொருட்படுத்தமாட்டார்கள். எதற்கும் விடுக்காவிட்டால் உயிர்கள் பலியாகும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று முடிவெடுப்பதே இத்துறை வல்லுநரின் கடினமான பணி.

எனினும் ஒன்று செய்ய இயலும். நகரும் சரிவின் அடிவாரத்தில் அணையோ சுரங்கமோ அமைக்குமுன் அச்சரிவைத் தொடர்ந்து கண்காணிக்கலாம். ஆற்றின் மேற்பகுதியில் எச்சரிக்கைக் கருவிகளை நிறுவலாம். வெள்ளம் கீழே வந்து சேரும் சில நிமிடங்களில் ஒலிக்கும் ஒரு சங்கு, சுரங்கத்தில் பணிபுரிவோர் சிலரையேனும் வெளியேற்றும்.

வெள்ளம் பாய்ந்த வழியில் உள்ள ரைணி என்னும் சிற்றூர், 1974இல் கௌரா தேவியும் பிற பெண்களும் மரங்களைக் காத்து நின்ற ஊர். மரத்திற்கும் மலைக்கும் உள்ள உறவை அவர்கள் அன்றாட வாழ்விலிருந்தே அறிந்திருந்தனர். நிலத்தோடு வாழ்பவரின் அறிவும் விண்ணிலிருந்து பெறும் அறிவும் ஒன்றையொன்று நிறைவுசெய்ய வேண்டும். படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவது, நிலத்தில் ஒருவரது வீடு. அதனை மறவாதவரே இக்கல்வியை முழுமையாகக் கற்றவர் ஆவார்.

சொல்லும் பொருளும்

வடு – தழும்பு
உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
புலனாதல் – தெளிவாகத் தெரிதல்
பாங்கு – தன்மை
ஐயுறுதல் – சந்தேகித்தல்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சமோலி வெள்ளத்திற்குக் காரணம்
(அ) பருவமழை (ஆ) ஏரி உடைப்பு (இ) பாறையும் பனியும் சரிந்தமை (ஈ) அணை திறப்பு

2. நலமான இலை மிகுதியாக எதிரொளிப்பது
(அ) சிவப்பு ஒளி (ஆ) அண்மை அகச்சிவப்புக் கதிர் (இ) நீல ஒளி (ஈ) ராடார் அலை

ஆ. பிரித்து எழுதுக.

1. தொலையுணர்வு 2. அகச்சிவப்பு 3. அடுக்காய்வு 4. தென்னந்தோப்பு

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. நிறமாலைக் கையொப்பம் என்றால் என்ன?
2. மேகமூட்டமான நாளில் நிலத்தைக் காண உதவும் கருவி எது?
3. ஓரிடத்தில் அகச்சிவப்பு அளவு 0.45, சிவப்பு அளவு 0.15 எனில் அவ்விடத்தின் தாவரக் குறியீட்டெண் யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.

1. களச் சரிபார்ப்பு ஏன் இன்றியமையாதது?
2. 'உயர்நிலையில் மாணவர் படத்தை ஐயுறக் கற்கிறார்' – விளக்குக.

உ. சிந்தித்து எழுதுக.

மலைச்சரிவு ஒன்று மெல்ல நகர்வதைக் கண்டறிந்த வல்லுநராக உங்களைக் கருதிக்கொள்ளுங்கள். அது எப்போது விழும் என்பது உங்களுக்குத் தெரியாது. அடிவாரத்து ஊர் மக்களுக்கு அதனை எவ்வாறு எடுத்துரைப்பீர்கள்? அச்சமூட்டாமலும் உண்மையை மறைக்காமலும் ஒரு கடிதம் வரைக.

ஊ. செயல்திட்டம்

உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியை மெல்லிய தாள்கள் மூன்றில் ஒரே அளவில் வரைக. ஒன்றில் சாலைகளையும், இரண்டாவதில் மரங்களையும், மூன்றாவதில் மழைநீர் தேங்கும் இடங்களையும் குறித்திடுக. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் நோக்குக. நீங்கள் கண்டறிந்தவற்றை வகுப்பில் எடுத்துரைக்க.