நண்டும் அதன் இனங்களும்: நில நண்டு பற்றி ஒரு மஸ்அலா

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் முன் மண்டபத்தில் அமர்ந்திருந்தேன். தூத்துக்குடியில் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் வாட்டம் தெரிந்தது. "ஆலிம்சா, நண்டினால் என் குடும்பம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. மூன்று நாளாக என் உம்மாவும் என் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய குடும்பம் தாமிரபரணிப் பாசனத்து நெல் விளையும் ஊரிலிருந்து வந்தது. ஹனபீ மத்ஹபைப் பின்பற்றுவது. அவர் மணமுடித்த பெண்ணோ காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர். ஷாபிஈ மத்ஹபுக் குடும்பம். அந்தப் பெண் திரேஸ்புரத்துக் கரையிலிருந்து கடல் நண்டு வாங்கிவந்து சமைத்துவிட்டார். "ஹராமான பொருள் என் வீட்டு அடுப்பில் ஏறிவிட்டதே" என்று மாமியார் அந்தச் சட்டியைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, பேரப்பிள்ளைக்குச் சளியும் இருமலும். மாமியார் ஊருக்கு ஆள் அனுப்பி வயல் நண்டு பிடித்துவரச் செய்து, அதை அம்மியில் வைத்துத் தட்டிச் சாறு எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கப் போனார். அப்போது மருமகள் குறுக்கே வந்து, "கடல் நண்டு கூடாதுன்னு சட்டியை உடைச்சீங்களே மாமி, வயல் நண்டு மட்டும் எப்படிக் கூடும்?" என்று கேட்டுவிட்டார். "அது மருந்தும்மா, தீனியில்லை" என்பது மாமியாரின் பதில்.

"இதில் யார் சொல்வது சரி?" என்று கேட்டார் அந்தச் சகோதரர். இக்கேள்வி ஒரு வீட்டோடு முடிவதன்று. கடற்கரையும் வயற்கரையும் சம்பந்தம் செய்துகொள்ளும் நம் வட்டாரத்தில் பல வீடுகளில் எழுவது. ஆகையால் இதனை ஒரு பாடமாகவே இங்கு எழுதுகிறேன்.

நண்டு என்பது ஒரு பெயர், இனங்களோ பல

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் "நண்டு" என்று ஒரே சொல்லால் அழைப்பது ஒரே பிராணியை அன்று. உயிர்நூல் அறிஞர்கள் இதுவரை உலகில் ஏறக்குறைய 7000 வகை நண்டுகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஓடு உண்டு, பத்துக் கால்கள் உண்டு. ஆனால் அவை வாழும் இடம் வெவ்வேறு. நம் பக்கத்தில் காண்பவற்றையே நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, கடலிலேயே வாழ்வது. நம் சந்தையில் மிகுதியாக வரும் நீலக்கால் நண்டு இவ்வகை. அதன் கடைசிக் கால் இரண்டையும் பாருங்கள்; துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும். அது நீந்துவதற்காக அல்லாஹுத்தஆலா அமைத்துக் கொடுத்தது. முத்துக்குளித்த காலத்துப் பெரியவர்களுக்கு இந்த இனம் நன்கு தெரியும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பல பாகம் ஆழத்திலுள்ள பார்களில் இளம் முத்துச்சிப்பிகளை உடைத்துத் தின்னும் பகைகளில் நண்டும் ஒன்று. சிப்பிக்குள்ளேயே குடியிருக்கும் பட்டாணி அளவு நண்டும் உண்டு. அது கரையைக் கண்டதே இல்லை.

இரண்டு, கழிமுகத்துச் சேற்று நண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கத்து அலையாத்திக் காடுகள் போன்ற இடங்களில் வளை தோண்டி வாழ்வது. இதற்கும் துடுப்புக்கால் உண்டு. ஆயினும் கயிற்றால் கட்டி ஈரச் சாக்கில் வைத்தால் சில நாட்கள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் இதனை உயிருடனேயே வெளிநாடுகளுக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள்.

மூன்று, வயல் நண்டு. இது ஆற்றிலும் வாய்க்காலிலும் வரப்பு வளையிலும் வாழும் நன்னீர் நண்டு. வரப்பைத் துளைத்து நீரை வடியவிடும், நாற்றைக் கத்தரிக்கும், விவசாயிக்குப் பகை. இதன் கால்கள் எல்லாம் கூரானவை, துடுப்பு இல்லை. கடல் நண்டின் குஞ்சு நீரில் மிதக்கும் நுண்ணுயிராகப் பிறந்து பல உருமாறி நண்டாகும். வயல் நண்டோ தாயின் வயிற்று மடிப்பில் ஒட்டியிருக்கும் முட்டையிலிருந்து நேராகக் குட்டி நண்டாகவே வெளிவரும். ஆகவே, இந்த நண்டுக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை கடலோடு எந்த உறவும் இல்லை.

நான்கு, தரையிலேயே வாழும் நில நண்டு. கடற்கரை மணலில் வளை தோண்டி, ஆள் அரவம் கேட்டதும் ஓடி ஒளியும் வெளிறிய நண்டைப் பிள்ளைகள் துரத்தி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது செவுளை நனைத்துக்கொள்ளவும் முட்டையை விடவுமே அலையருகே செல்கிறது. இவ்வகையின் எல்லை எதுவரை போகிறது என்பதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளில் காணும் தென்னை நண்டு சாட்சி. நான்கு கிலோ வரை எடை வளரும். மரம் ஏறும், தேங்காயைப் பிளக்கும். அதன் ஓட்டுக்குள் செவுள் சுருங்கி, காற்றைச் சுவாசிக்கும் அறை அமைந்திருக்கிறது. வளர்ந்த தென்னை நண்டைக் கடலில் போட்டால் அது மூழ்கிச் செத்துவிடும்! பிறந்தது கடலில்; வாழ்வது தரையில். (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பிடிப்பதே குற்றம்.)

கடலில் வாழ்வதும் நண்டு, கடலில் போட்டால் சாவதும் நண்டு என்றால், பெயரை மட்டும் கேட்டு ஒரே வார்த்தையில் ஹுக்மு சொல்வது எப்படிப் பொருந்தும்?

இமாம்களின் அளவுகோல்

கடலின் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா சூராவின் 96-வது ஆயத்து அறிவிக்கிறது. கடல் நீரால் ஒளுச் செய்யலாமா என்று வினவியவருக்கு, அந்நீர் தூய்மையானது என்பதோடு அதில் செத்ததும் ஆகும் என நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி முவத்தா, அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிதாபுகளில் உள்ளது. இவ்விரண்டையும் எல்லா இமாம்களும் ஏற்கிறார்கள். "கடல் பிராணி" என்பது எது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஷாபிஈ மத்ஹபின் உலமாக்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எந்தப் பிராணி நீரில் வாழ்ந்து, நீரைவிட்டு வெளியே வந்தால் அறுக்கப்பட்ட பிராணியின் துடிப்பளவே உயிர் தாங்குமோ, அதுவே கடல் பிராணி. நீரிலும் தரையிலும் நிலையாக வாழ வல்லது வேறு இனம். உயிர்நூலார் செவுளையும் காலையும் பார்த்துப் பிரித்ததை, நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழிடத்தைப் பார்த்துப் பிரித்துவிட்டார்கள். ஹிஜ்ரி 808-ல் (கி.பி. 1405) வபாத்தான இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள் விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலிலும் நண்டு நீரின் படைப்பே, எனினும் தரையிலும் வாழும் என்று கூறியிருக்கிறார்கள்.

ஷாபிஈ மத்ஹபில்

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில், தரையிலும் நீரிலும் வாழும் தவளை, நண்டு, பாம்பு ஆகியவை ஹராம் என்று எழுதியுள்ளார்கள். அதே இமாம் அவர்கள் மஜ்மூஉ என்னும் பெருநூலில், கடலில் உள்ளவற்றில் தவளை தவிர யாவும் ஆகும் என்பதே சரியான, நம்பத்தக்க சொல் என்கிறார்கள். ஆமை, பாம்பு போன்றவை கூடாது என முன்னோர் சொன்னது கடல் அல்லாத நீரில் உள்ளவற்றைக் குறிக்கும் என்றும் அங்கே விளக்குகிறார்கள். (தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் இருப்பதால் அது மட்டும் விலக்கப்பட்டது.)

நம் மதரஸாக்களில் ஓதப்படும் பத்ஹுல் முஈன் கிதாபை எழுதியவர்கள் நமக்கு அயலார் அல்லர். மலபார்க் கரையின் பொன்னானியில் வாழ்ந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். கடலை அறிந்த அந்தப் பெரியார் நண்டை ஹராமானவற்றின் வரிசையில் எழுதிவிட்டு, உடனே மஜ்மூஉவின் சொல்லையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இரண்டு சொல்லும் நம் கையில் உள்ளன.

ஆகவே, கடலைவிட்டுப் பிரிந்தால் நலிந்து சாகும் கடல் நண்டை உண்பவருக்கு மஜ்மூஉவின் சொல் துணை நிற்கிறது. மின்ஹாஜின் சொல்லைப் பற்றி விலகுபவர் பேணுதலானவர். இருவரும் ஒருவரையொருவர் குறை கூற இடமில்லை. சேற்று நண்டு நீருக்கு வெளியே நாள் கணக்கில் உயிர் தாங்குவதால் அதில் ஐயம் வலுக்கிறது, விலகுவதே மேல். வயல் நண்டுக்கும் தரை நண்டுக்கும் மஜ்மூஉவின் சொல்லும் துணை வராது. அவை கடலைச் சேர்ந்தவையே அல்ல.

ஹனபீ மத்ஹபில்

ஹனபீ மத்ஹபில் நீர்வாழ் பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும். நண்டு மீனன்று. ஆகவே கடல் நண்டும் கூடாது, வயல் நண்டும் கூடாது, தரை நண்டும் கூடாது. இறாலைப் பற்றி அந்த மத்ஹபின் உலமாக்களிடையே வேறுபாடு இருப்பது உண்மை. அரபியர் அதனை மீனென்று வழங்கினார்களா என்பதைப் பொறுத்து எழுந்த வேறுபாடு அது. நண்டில் அத்தகைய பேச்சுக்கு இடமில்லை. மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் கடல் நண்டு ஆகும் என்பதையும் அறிந்துகொள்க. ஒரு மத்ஹபில் கூடாதது மற்றொன்றில் ஆகும் என்பது உம்மத்துக்கு ரஹ்மத்தே அன்றிச் சண்டைக்குக் காரணமன்று.

சட்டியை உடைத்தது சரியா?

இல்லை. உண்ணக்கூடாது என்பது வேறு. நஜீஸ் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால் வீடுகளில் எத்தனையோ மனக்கசப்பு. ஹனபீ மத்ஹபின் அடிப்படை நூலான குதூரீயிலேயே, நீரில் வாழும் மீன், தவளை, நண்டு போன்றவை நீரில் செத்தால் அந்த நீர் கெடாது என்று, நண்டின் பெயரைச் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. நண்டு செத்த நீரே கெடாதபோது, நண்டு வெந்த சட்டி எப்படி உடைக்கவேண்டிய பொருளாகும்? கழுவி வைத்துக்கொண்டால் போதும். பொருளை வீணாக்குவதும், மருமகளின் மனத்தை உடைப்பதும்தான் இதில் கேள்விக்குரியவை.

மருந்து என்றால் ஆகுமா?

விலக்கப்பட்ட பொருளை மருந்தாகக் கொள்வதற்கு உலமாக்கள் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஈடான ஹலாலான மருந்து வேறு கிடையாது என்றிருக்க வேண்டும். அதில் குணம் உண்டென்பதை அறிந்த, நம்பிக்கைக்குரிய மருத்துவர் சொல்லவும் வேண்டும். சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் இந்த நிபந்தனை எங்கே பொருந்துகிறது? வேறு மருந்து எவ்வளவோ உண்டு. மருத்துவமனையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இதில் உடல்நலச் செய்தியும் ஒன்று உண்டு. நன்னீர் நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பவர்களுக்கு நுரையீரலில் ஒரு வகைப் புழு குடியேறும் நோய் மணிப்பூரில் கண்டறியப்பட்டிருக்கிறது. இருமலும் கோழையில் இரத்தமும் வருவதால் அதைக் காசநோய் என்று எண்ணி மருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. இருமலுக்கென்று கொடுக்கும் பச்சைச் சாறே இருமலுக்கு வித்தாகலாம் என்றால், பிள்ளையைப் பெற்றவள் தடுத்ததில் தவறென்ன?

முடிவாக

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுவே: "உங்கள் உம்மா கடல் நண்டை விலக்கியது அவர்களுடைய மத்ஹபுப்படி சரி. சட்டியை உடைத்தது சரியல்ல. வயல் நண்டைக் கொடுக்க நினைத்தது அவர்களுடைய மத்ஹபுக்கே மாறு. உங்கள் மனைவி கடல் நண்டு உண்பதற்கு அவருடைய மத்ஹபில் ஆதாரம் உண்டு. ஆனால் ஹனபீக் குடும்பத்து அடுப்பில், பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சமைத்தது அழகல்ல. வயல் நண்டைத் தடுத்தது முழுக்கச் சரி. இதை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால் அவருக்குப் பத்வா கிடைத்தது போலாகிவிடும். மற்றவருக்கு அது தோல்வியாகப் படும்."

அடுத்த ஜும்ஆவில் அவரைக் கண்டேன். பிள்ளையை மருத்துவரிடம் காட்டியதாகவும், இருமல் தணிந்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "உம்மா புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்து மருமகள் கையில் கொடுத்தார்கள், ஆலிம்சா. 'இது உன் நண்டுக்கு; என் அடுப்புப் பக்கம் வரக்கூடாது' என்று ஒரு நிபந்தனையோடு!" என்றார்.

அன்புச் சகோதரிகளே! ஹலால், ஹராம் என்னும் சொற்கள் கனமானவை. அவற்றை வாயால் சொல்வதற்கு முன், கையிலிருக்கும் பொருள் எது, அது எங்கே வாழ்வது, நம் மத்ஹபின் கிதாபு அதைப்பற்றி என்ன சொல்கிறது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதபோது உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிவதில் வெட்கமில்லை. கேளாமல் தீர்ப்புச் சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நமக்குத் தெளிந்த ஞானத்தையும், ஹலாலான உணவையும், நம் வீடுகளில் ஒற்றுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.