திராட்சைக் கொடி என்னும் வெப்பமானி

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலம் எவ்வளவு வெப்பமாக இருந்தது என்று இன்று அறிய முடியுமா? முடியாது என்றுதான் சொல்லத் தோன்றும். வெப்பமானியே பதினேழாம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. ஆனால், பிரான்சு நாட்டின் திராட்சை விளையும் ஊர்கள் தம்மை அறியாமலேயே அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

கோடையின் கடைசி நாட்கள்

பிரான்சின் கிழக்கே பர்கண்டி என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே 'போன்' என்பது ஒரு சிறு நகரம். அதன் அருகே வோல்னே, பொம்மார், மெர்சோ முதலிய கிராமங்கள் இருக்கின்றன. கிழக்கு நோக்கிச் சரியும் சுண்ணாம்புக் குன்றுகளில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கும். இவற்றைப் பந்தலில் படர விடுவதில்லை. கம்பி கட்டி, வேலி போல் வளர்க்கிறார்கள்.

ஆகஸ்டு மாத இறுதியில் இக்கிராமங்களைப் பார்க்க வேண்டும். மாலை எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை இன்னும் முடிந்திராது. கொடி வரிசையைத் தன் சக்கரங்களுக்கு நடுவே விட்டுக் கடந்து செல்லும் உயரமான டிராக்டர்கள், நீண்டு வளர்ந்த நுனிகளை வெட்டிக்கொண்டு போகும். நிலவறைகளில் மரப்பீப்பாய்களைக் கழுவுவார்கள். பிழியும் எந்திரங்களைச் சரிபார்ப்பார்கள். எல்லோருடைய கண்ணும் வானத்தின் மீதே இருக்கும். ஆலங்கட்டி மழை சில நிமிடங்கள் பெய்தாலே ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும். முற்றிய குலைகளில் மழைநீர் தங்கினால் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும்.

செங்காய்ப் பருவம்

திராட்சை பெரும்பாலும் ஜூன் மாதத்தில் பூக்கிறது. பிஞ்சு சில வாரங்கள் பச்சையாக, கெட்டியாக, புளிப்பாக இருக்கும். பிறகு காய் செங்காயாகிறது. தோலில் ஆந்தோசயனின் என்னும் நிறமி தோன்றுகிறது, கனி மெதுவாகிறது. இலைகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கிய சர்க்கரை கனிக்குள் வந்து, குளுகோசாகவும் ஃபிரக்டோசாகவும் சேர்கிறது.

அதே வேளையில் புளிப்பு குறைகிறது. திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள் உண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம்; நம் வீட்டுப் புளியில் இருப்பதும் இதுவே. மற்றொன்று மாலிக் அமிலம். ஆப்பிளின் புளிப்புக்கு இது காரணம். கனி சுவாசிக்கும்போது மாலிக் அமிலம் செலவாகிறது. வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவாகச் செலவாகிறது. டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் குறைவதில்லை.

ஆகவே, நாள் செல்லச் செல்ல இனிப்பு ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. முன்கூட்டியே பறித்தால் சாறு புளிக்கும். தாமதித்தால் இனிப்பு மிஞ்சும், மழையும் வந்துவிடலாம். இச்சாற்றை ஈஸ்ட் நொதிக்கச் செய்யும்போது சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். எனவே, பறிக்கும் நாளைப் பொறுத்தே ஒயினின் தன்மையும் விலையும் அமைகின்றன.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தோட்டத்தின் பல இடங்களிலிருந்து கனிகளைப் பறித்து நசுக்குகிறார்கள். சாற்றின் ஒரு துளியை ஒளிவிலகல்மானியில் இட்டு ஒளியில் பார்க்கிறார்கள். சர்க்கரை மிகுந்தால் ஒளி மிகுதியாக விலகும். அந்த அளவே சர்க்கரையின் அளவைக் காட்டிவிடுகிறது.

தேதி எப்படி வெப்பமானி ஆகிறது?

சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் திராட்சைக் கொடி வளர்வதில்லை எனலாம். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியும் அதற்கு 'வருமானம்'. கனி பழுக்க 1,200 அலகு வருமானம் தேவை என்று வைத்துக்கொள்வோம். சராசரி வெப்பநிலை 18 டிகிரி என்றால் நாளுக்கு 8 அலகு கிடைக்கும். பழுக்க 150 நாட்கள் ஆகும். சராசரி 22 டிகிரி என்றால் நாளுக்கு 12 அலகு கிடைக்கும்; 100 நாட்களே போதும். இது எளிமையாக்கிய கணக்குதான். ஆனாலும் உண்மை விளங்குகிறது அல்லவா? அறுவடை முந்தினால் அது வெப்பமான ஆண்டு. பிந்தினால் குளிர்ந்த ஆண்டு.

பழங்காலத்தில் அவரவர் விருப்பம்போல் பறிக்க முடியாது. ஊர் அதிகாரிகள் கூடி, காய்களைப் பார்த்து, அறுவடை நாளை அறிவிப்பார்கள். அதற்கு முன் பறித்தவருக்குத் தண்டம் உண்டு. அந்தத் தேதிகள் நகரமன்றக் குறிப்புகளில் பதிவாயின. திராட்சை பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கும் தேவாலய ஏடுகளில் எழுதப்பட்டது. இப்படிப்பட்ட ஏடுகளையும் பிற்காலச் செய்தித்தாள்களையும் கொண்டு, தாமஸ் லாபே என்னும் வரலாற்றாய்வாளரும் அவர் குழுவினரும் போன் நகரத்தின் அறுவடைத் தேதிகளை 1354 முதல் 2018 வரை தொகுத்தார்கள். அந்த ஆய்வு 2019-ல் வெளியாயிற்று.

இத்தேதிகளை நம்பலாமா? போர், கொள்ளைநோய், மக்களின் விருப்பம் ஆகியவையும் அறுவடை நாளை மாற்றக்கூடும். ஆகவே, பாரிசில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து எடுக்கப்பட்ட வெப்பநிலை அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

ஏடுகள் சொல்வது என்ன?

1354 முதல் 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28-ல் தொடங்கியது. 1988 முதல் 2018 வரையிலோ சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டது. பழைய நூற்றாண்டுகளிலும் கடும் வெப்ப ஆண்டுகள் உண்டு. ஆனால் அவை எப்போதாவது வந்தவை. 2003 முதல் 2018 வரையுள்ள 16 ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் அத்தகையவை! 2003-ல் ஆகஸ்டு மாதத்திலேயே பறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஆண்டும் உண்டு. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. வானில் பரவிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்தன. 1816-ல் மேற்கு ஐரோப்பாவில் கோடை குளிர்ந்து போயிற்று. பிரான்சில் பல இடங்களில் அக்டோபர் பிற்பகுதி வரை திராட்சை பழுக்கவில்லை. உலகின் ஒரு கோடியில் வெடித்த எரிமலை மறு கோடியில் அறுவடையைத் தள்ளிப்போட்டது!

அறுவடை முந்துவது நல்லதுதானே என்று கேட்கலாம். முன்பு கனிகள் செப்டம்பர் மாதக் குளிர்ந்த இரவுகளில் நிதானமாகப் பழுத்தன. இப்போது ஆகஸ்டு வெப்பத்தில் பழுக்கும்போது சர்க்கரை விரைந்து ஏறுகிறது. மாலிக் அமிலம் விரைந்து அழிகிறது. மணமும் நிறமும் முதிரும் முன்பே பறிக்க வேண்டிய நிலை வருகிறது. வசந்தத்தில் மொட்டுகளும் முந்தி வெடிக்கின்றன. உறைபனி வந்தால் கருகிவிடுகின்றன. 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேரிழப்பை உண்டாக்கிற்று. திராட்சையையே நம்பி வாழும் கிராமத்துக்கு 13 நாள் என்பது சிறிய எண் அல்ல.

கூலிக் கணக்கு எழுதியவர்கள் தட்பவெப்ப ஆராய்ச்சி செய்வதாக நினைக்கவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் தேதியை எழுதினார்கள், அவ்வளவுதான். அந்த ஒழுங்கே அதை அறிவியல் சான்றாக்கியது.

செய்து பாருங்கள்

1. 1988-க்குப் பிந்திய சராசரி அறுவடைத் தேதியைக் கணக்கிடுங்கள்.

2. சராசரி வெப்பநிலை 20 டிகிரி என்றால், மேலே சொன்ன 1,200 அலகு சேர எத்தனை நாட்கள் ஆகும்?

3. பள்ளி வளாகத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அது முதல் பூப் பூக்கும் தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆண்டுதோறும் எழுதி, பள்ளியை விட்டுச் செல்லும்போது அடுத்த வகுப்பினரிடம் அந்த நோட்டை ஒப்படையுங்கள்.