போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி செய்தித்தாளும் கையுமாக வந்து கேட்டாள்: "மாமா, அவனே போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான்னு போட்டிருக்கே, அப்புறம் கோர்ட்டு எதுக்கு?" நின்றபடி சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மிகச் சிறியது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர் நம்மீது கொண்ட கருணையால் எழுதியதல்ல. தம்முடைய போலீசார் எப்படி வாக்குமூலம் வாங்குவார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி 23ஆம் பிரிவாக நீடிக்கிறது.

இந்த வேலியைப் பிரித்தது தடா. பயங்கரவாத வழக்குகளில் சாட்சி சொல்ல ஆளே முன்வராத காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டுத் தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, சூப்பிரண்டு பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் செல்லும் என்றது. 1994 மார்ச்சில் கர்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் இதை ஏற்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். தமிழர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உடன்படாத இருவர் பக்கமே என் மனம் சாய்கிறது. வாக்குமூலத்தை விசாரித்த மொழியிலேயே, சொன்னபடியே எழுத வேண்டும், தாமதமின்றி அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்பு நெறிகள் வகுத்தது. மராத்தியை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத நம்மவர்களுக்கு முதல் நெறியின் அருமை புரியும்.

தடா 1995இல் காலாவதியாயிற்று. அதன்கீழ் எழுதிய வாக்குமூலங்கள் காலாவதியாகவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்று 1999இல் கூறிய உச்ச நீதிமன்றம், தடாவின்கீழ் பெற்ற வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்றது. அதே ஆண்டில் நம் மகாராஷ்டிரத்தில் மோக்கா சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவு தடாவின் 15ஆம் பிரிவுக்கு உடன்பிறப்பு.

2006 ஜூலை 11 மாலையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மேற்கு ரயில் பாதையில் ஏழு குண்டுகள். 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் பின்னால் வந்த லோக்கலில் இருந்தேன். தண்டவாளத்தில் இறங்கி நடந்தேன். சில மாதங்களில், பிடிபட்டவர்கள் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, "இன்னும் என்ன விசாரணை, தூக்கில் போடு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை மறைக்க விரும்பவில்லை.

2015இல் தனி நீதிமன்றம் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிருவர் மீதான தீர்ப்பையும் ரத்து செய்தது. வாக்குமூலங்களில் சில பகுதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைபோல் இருப்பதையும், சித்திரவதைப் புகாரையும் சுட்டி அவற்றை ஒதுக்கியது. எந்த வகைக் குண்டு என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை என்றது. பன்னிருவரில் ஒருவர் அதற்குள் சிறையிலேயே இறந்திருந்தார். மூன்று நாளில் உச்ச நீதிமன்றம், இத்தீர்ப்பை மற்ற மோக்கா வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தடை விதித்தது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டாம் என்றும் கூறியது.

அந்த வாரம், குண்டுவெடிப்பில் கணவரை இழந்த ஒரு தமிழ் அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். விடுதலையானவர்கள்மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று எண்ணிப் போனேன். அவர் காப்பியை என் முன் வைத்துவிட்டு, "பத்தொன்பது வருஷமா இவங்கதான்னு நம்பிட்டு இருந்தேன். இவங்க இல்லேன்னா, நிஜமா செஞ்சவனை அன்னிக்கே யாராவது தேடியிருக்கலாம் இல்லையா, சார்?" என்று கேட்டார்.