நாடு முழுதும் விளக்கணைந்தால்

1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், சனிக்கிழமை மாலை 5.17 மணிக்கு, திரெங்கானு மாநிலத்திலுள்ள பாக்கா மின்நிலையத்தின் அருகே மின்சாரத்தை ஏற்றிச் செல்லும் கம்பித் தடமொன்று செயலிழந்தது. அதனைத் தொடர்ந்து தீபகற்ப மலேசியாவின் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கோலாலம்பூரின் மாடி மனைகளும், தங்காக் பட்டணத்துத் துணிக்கடைகளும், லேடாங் மலையடிவாரத்துத் தோட்ட லயங்களும் ஒருசேர மின்சாரத்தை இழந்தன. பொழுது சாயும் நேரம் அது. வேலை முடிந்து வீடு திரும்பியோர் இருளிலேயே அடுப்பு மூட்ட வேண்டியதாயிற்று. இரவு வேளையில்தான் மின்சாரம் பகுதி பகுதியாகத் திரும்பிற்று.

இத்தகைய பெருந்தடை அந்த ஒரு முறையோடு நின்றுவிடவில்லை. அதற்கு முன்னரே, 1992ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், மின்னல் தாக்கியதைத் தொடர்ந்து தீபகற்பத்தின் பெரும்பகுதி இருண்டது. 2005ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் போர்ட் கிள்ளான் அருகே நேர்ந்த கோளாறு சிலாங்கூர் முதல் ஜொகூர் வரையிலான மாநிலங்களைப் பாதித்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நண்பகலுக்குப் பின் தீபகற்பத்தின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றபோது, அதன் காரணம் நம் ஜொகூர் மண்ணிலேயே இருந்தது. தங்காக்கிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், பாகோவைக் கடந்தபின் வரும் யோங் பெங்கின் துணை மின்நிலையத்தில் ஒரு சாதனம் பழுதடைந்தது. அன்று பிற்பகலுக்குள்ளாகவே மின்சாரம் மீண்டது.

எங்கோ ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தால், நூறு கல்லுக்கு அப்பால் நம் வீட்டு விளக்கு ஏன் அணைய வேண்டும்? இதற்கு விடை காணப் பால்வெட்டும் தொழிலாளி பெரிய படிப்பொன்றும் படிக்க வேண்டியதில்லை. காண்டாக் கம்பின் இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்கள் நம் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர். இருபுறமும் பாரம் ஒத்திருக்கும் வரையில் நடை எளிது. ஒருபக்கத்து வாளி நழுவினாலோ, கம்பு சாய்ந்து மறுபக்கத்து வாளியும் தரையில் கொட்டிவிடும். மின்சாரமும் இவ்வாறே. நாடு முழுதும் உற்பத்தியாகும் மின்சாரம் ஒரு வாளி. அதே நொடியில் மக்களும் ஆலைகளும் செலவிடும் மின்சாரம் மற்றொரு வாளி. அரிசியைப் போல் மூட்டை மூட்டையாகச் சேமித்து வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ள இயலாத பண்டம் இது. சிறிதளவு சேமிக்கும் வழிகள் இப்பொழுது வந்துள்ளன எனினும், ஒரு நாட்டின் தேவைக்கு அவை போதா.

மின்நிலையங்களிலுள்ள சுழலிகள் யாவும் ஒரே கதியில் சுழல்கின்றன. நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது இக்கதியினால்தான். ஒரு பெரிய நிலையம் திடீரென விலகிவிட்டால், அதன் பாரம் எஞ்சிய நிலையங்களின் மேல் விழுகின்றது. அவற்றின் கதி தளர்கின்றது. கதி ஓரளவுக்கு மேல் தளர்ந்தால் இயந்திரம் சேதமாகும் என்பதால், அதனைக் காக்கும் கருவிகள் அந்நிலையத்தைத் தாமாகவே துண்டித்துவிடும். அப்பொழுது எஞ்சியவற்றின் சுமை மேலும் பெருகும். 1996இல் நிலையங்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து வீழ்ந்த வகை இதுவே.

இதனைத் தடுப்பதற்கும் ஒரு வழி உண்டு. கதி தளரத் தொடங்கியவுடன், சில பகுதிகளுக்குச் செல்லும் மின்சாரத்தைக் கருவிகளே வெட்டிச் சுமையைக் குறைத்துவிடுகின்றன. சில ஊர்களை இருளில் விட்டு நாடு முழுவதையும் காக்கும் ஏற்பாடு இது. ஆதலால் அடுத்த ஊரில் விளக்கு எரிய நம் ஊர் மட்டும் இருண்டிருக்கும் நாளில், நமக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள் என்று சினங்கொள்வதில் பொருளில்லை.

இணைப்பினால் வரும் நன்மையும் தீமையும் இந்தியாவில் 2012ஆம் ஆண்டு தெளிவாகத் தெரிந்தன. அவ்வாண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களும் அந்நாட்டின் வடபகுதி மின்தொகுப்பு வீழ்ந்தது. இரண்டாம் நாள் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் உடன் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரமின்றித் தவித்தது. ஆயினும் நம் உறவினர் பலர் வாழும் தமிழ்நாடு அந்த விபத்தில் சிக்கவில்லை. தென்னிந்தியத் தொகுப்பு அப்பொழுது மற்றவற்றோடு ஒரே கதியில் இணைக்கப்படாதிருந்ததே காரணம். 2013ஆம் ஆண்டு இறுதியில்தான் அவ்விணைப்பு ஏற்பட்டது.

நம் தோட்டங்களும் ஒருகாலத்தில் இவ்வாறு தனித்தே இருந்தன. இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலாக 1894ஆம் ஆண்டு ரவாங்கில், லோக் யூ என்பாரும் தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து நடத்திய ஈயச் சுரங்கத்தில் பயன்பட்டது. ஒரு தமிழர் பெயர் அவ்வரலாற்றின் முதல் வரியிலேயே இருப்பினும், தமிழ்த் தொழிலாளியின் லயத்திற்கு அவ்வெளிச்சம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. பல தோட்டங்களில் எஞ்சின் கொட்டகையிலிருந்து மாலையில் சில மணி நேரமே மின்சாரம் கிடைக்கும். குறித்த மணி அடித்தால் எஞ்சின் நிற்கும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். நாள்தோறும் விளக்கணைந்த அக்காலத்தில், ஒவ்வொரு வீட்டிலும் தீப்பெட்டி எங்கிருக்கிறது என்பதைக் குழந்தையும் அறியும். 1965இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் பெற்று, 1990 முதல் தெனாகா நேஷனல் ஆகிவிட்ட நிறுவனத்தின் கம்பிகள் தோட்டங்களை எட்டிய பின்னர், அப்பழக்கம் மெல்ல மறைந்தது. தோட்ட வீடுகளுக்குப் போதிய மின்சாரமும் இலவசக் குழாய்நீரும் தருவது நிர்வாகத்தின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வகுத்துள்ளது. வெளிச்சம் நிலைத்தது, இருளுக்கு ஆயத்தமாயிருக்கும் வழக்கம் குறைந்தது. அவ்வழக்கத்தையே நாம் மீண்டும் கைக்கொள்ள வேண்டியுள்ளது.

விளக்கணைந்தவுடன்

முதலில் வெளியே வந்து அண்டை வீடுகளைப் பார்த்தல் வேண்டும். நம் வீடு மட்டும் இருண்டிருந்தால் பழுது நம்மிடமே இருக்கலாம். மின்பெட்டியிலுள்ள காப்பு விசை கீழே விழுந்திருக்கின்றதா என்று நோக்குக. விசையை மேலே தள்ளியும் அது மீண்டும் மீண்டும் விழுமாயின், வீட்டிலுள்ள ஏதோவொரு சாதனத்திலோ கம்பியிலோ மின்கசிவு உள்ளதென்று பொருள். அதனைக் குச்சி வைத்துத் தாங்கி நிறுத்த முயல்வது உயிரோடு விளையாடுவதாகும். லயம் முழுதும் இருண்டிருந்தால் தோட்ட அலுவலகத்திற்குத் தெரிவிப்பதோடு, தெனாகா நேஷனலின் 15454 என்னும் எண்ணுக்கும் அறிவிக்கலாம்.

அடுத்து, இஸ்திரிப் பெட்டி, நீர் சூடேற்றி, தொலைக்காட்சி ஆகியவற்றின் விசைகளை மூடிவிட்டு, ஒரே ஒரு விளக்கின் விசையை மட்டும் திறந்து வைத்தல் நலம். மின்சாரம் வந்ததை அது காட்டும். இஸ்திரிப் பெட்டியைத் துணியின்மேல் வைத்தபடியே மறந்து உறங்கிவிட்டால், நள்ளிரவில் மின்சாரம் திரும்பும்போது நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, விடியற்காலையில் மரம் வெட்டச் செல்வோர் நெற்றியில் கட்டும் விளக்கைக் காட்டிலும் சிறந்தது நம்மிடையே வேறில்லை. இரு கைகளும் ஓய்ந்திருக்கும், தீப்பற்றும் அச்சமில்லை. ஆயினும் அதனை இரவெல்லாம் எரித்துத் தீர்த்துவிட்டால், மறுநாள் பிரட்டு முடிந்து நிரைக்குள் நுழையும்போது பாம்பும் தெரியாது, பட்டையும் தெரியாது. ஆதலின் வீட்டுக்கென ஒரு கைவிளக்கும் மாற்று மின்கலங்களும் தனியே இருப்பது அவசியம். மெழுகுவர்த்திதான் கிடைக்குமென்றால், அதனை மணலிட்ட தட்டிலோ அகன்ற பாத்திரத்திலோ நிறுத்தி, கொசுவலைக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். உறங்குமுன் அணைத்துவிட வேண்டும். பலகையால் கட்டிய பழைய லயங்களில் ஒரு வீட்டில் பற்றும் தீ ஒரே கூரையின்கீழ் அடுத்த வீட்டிற்கு ஓடும் விரைவு பெரிது. எரியும் மண்ணெண்ணெய் விளக்கில் எண்ணெய் ஊற்றுதல் கூடவே கூடாது.

மின்சாரம் நின்றபின் நேரும் விபத்துகளுள் கொடியது, கண்ணுக்குத் தெரியாமல் கொல்வது, சிறிய ஜெனரேட்டரின் புகையே என்பது நம் கருத்து. இவற்றை இன்று திருமண வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் வாடகைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. இதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் எழுந்து நடக்கும் வலிமையே போய்விடும். அடுப்பங்கரையிலோ, தாழ்வாரத்திலோ, சன்னலோரத்திலோ இதனை இயக்கலாகாது; வீட்டிலிருந்து இருபது அடிக்கேனும் அப்பால், திறந்த வெளியில் வைத்தல் வேண்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டுவதும் இதே ஆபத்தை விளைவிக்கும்.

இதிலேயே இன்னொரு தவறும் நடக்கின்றது. ஜெனரேட்டரின் கம்பியைச் சுவரிலுள்ள மின்துளையில் செருகி வீடு முழுதும் விளக்கெரியச் செய்கின்றனர் சிலர். மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. அது வெளிக்கம்பி வழியே பின்னோக்கி ஓடி, மின்மாற்றியை அடைந்து, அங்கே 11,000 வோல்ட்டாகப் பெருகக்கூடும். மழையில் நனைந்தபடி நமக்காகவே கம்பத்தின்மேல் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி, அக்கம்பியில் உயிரில்லை என்று நம்பித் தொடுவான்.

உணவு, நீர், மருந்து

குளிர்ப்பெட்டியின் கதவை அடிக்கடி திறவாதிருந்தால், உள்ளிருக்கும் உணவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் கெடாதிருக்கும். முற்றும் நிறைந்த உறைபெட்டியாயின் இரண்டு நாள் வரையிலும் குளிர் காக்கும். அதற்குமேல் குளிர்நீங்கிய மீன், இறைச்சி, பால், தேங்காய்ப்பாலிட்ட கறி ஆகியவற்றை முகர்ந்து பார்த்துத் தீர்மானித்தல் போதாது. கெட்ட உணவு எப்பொழுதும் நாறுவதில்லை. பொருள் வீணாகின்றதே என்று குழந்தைகளுக்கு ஊட்டி, பிறகு மருத்துவமனைக்கு ஓடுவது சிக்கனமாகாது.

நீரிறைக்கும் இயந்திரமும் மின்சாரத்தால் இயங்குவதால், சற்று நேரத்தில் குழாயும் வற்றலாம். இரண்டொரு வாளிகளில் நீர் பிடித்து வைப்பதோடு அவற்றை இறுக மூடியும் வைக்க வேண்டும். இல்லையேல் டிங்கிக் கொசு அங்கே குடியேறும்.

நீரிழிவு நோயாளிகள் பலர் வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கின்றனர். பயன்பாட்டிலுள்ள மருந்துப் புட்டி, வெப்பம் 30 பாகைக்கு மேற்படாத நிழலான இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை கெடாது. ஈர மணலில் பதித்த மண்பானை இதற்கு ஏற்றது. பதறிப்போய்ப் பனிக்கட்டியின்மேல் வைத்து உறையவிட்டால்தான் அம்மருந்து பயனற்றுப்போகும். மின்சாரத்தால் இயங்கும் பிராணவாயுக் கருவியை நம்பியிருப்போர் நிலைமை வேறு. அவ்வீட்டாருக்கு நேரம் மிகக் குறைவு. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல எவருடைய வண்டி உதவும் என்பதை முன்னரே பேசி வைத்திருக்க வேண்டும். லயத்தில் அத்தகையோர் எவ்வெவ் வீட்டில் உள்ளனர் என்று அண்டை அயலாருக்குத் தெரிந்திருப்பதும் இன்றியமையாதது. அவசரத்திற்கு 999 என்னும் எண் உள்ளது. கைத்தொலைபேசிக் கோபுரங்களும் சில மணி நேரத்திற்குமேல் தாங்காதாகையால் முதல் அழைப்பை அவசியமானவர்க்கே செய்க. செய்தி அறிய, மின்கலத்தில் இயங்கும் வானொலியில் மின்னல் பண்பலை கேட்கலாம்.

வேலையைப் பற்றியும் ஒன்று. மரம் மின்சாரத்திற்காகக் காத்திருப்பதில்லை. வெட்டினால் பால் சுரக்கும். ஆலை நின்றுவிட்ட நாளில் பால் தொட்டியிலேயே உறையத் தொடங்கும். உறையாமல் காக்க அம்மோனியா சேர்ப்பது ஆலையினர் பொறுப்பு. கட்டிப்பாலாக விற்கும் சிறுதோட்டக்காரருக்கும், கை உருளையில் தகடு இழைப்போருக்கும் இதனால் நட்டமில்லை. பழைய முறையென்று ஒதுக்கிய அவ்வுருளைகள் சில வீடுகளில் இன்னும் துருப்பிடிக்காமல் இருப்பது நல்லதே.

மின்சாரம் திரும்பும்போது

நின்றுபோன மின்நிலையத்தை மீண்டும் இயக்கவே மின்சாரம் வேண்டும் என்பது பலரும் அறியாத செய்தி. எனவே, தாமாகவே தொடங்கவல்ல நீர்மின் நிலையங்களையும் எரிவாயுச் சுழலிகளையும் முதலில் இயக்கி, அவற்றின் துணையால் ஏனையவற்றை எழுப்புகின்றனர். பிறகு ஒவ்வொரு பகுதியாக இணைத்து, காண்டாவின் இருபுறமும் சமமாயிருக்கக் கண்டு, அடுத்த பகுதிக்குச் செல்கின்றனர். வந்த விளக்கு மீண்டும் அணைவதும் இதனால் நேரலாம். ஒரு வட்டாரத்தில் எல்லாக் குளிர்ப்பெட்டிகளும் விசிறிகளும் நீரிறைப்பிகளும் ஒரே நொடியில் இயங்க முற்பட்டால், அப்பாரம் வழக்கமான அளவைவிட மிகுந்துவிடும். தங்காக்கில் ஆயிரம் வீட்டார் தங்கள் விசைகளை மூடி வைத்திருப்பது, தொலைவில் கட்டுப்பாட்டு அறையில் இருப்போருக்குச் செய்யும் உதவியே ஆகும்.

ஆகவே ஒற்றை விளக்கு எரியக் கண்டதும், கால் மணி நேரம் பொறுத்துக் குளிர்ப்பெட்டியை இயக்குக. பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக. புயல்மழைக்குப் பின்னராயின், தோட்டத்திற்குள் மின்கம்பி அறுந்து கிடக்கின்றதா என்று பொழுது விடிந்ததும் நோக்க வேண்டும். கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று எவரும் முடிவு செய்யலாகாது; பத்து மீட்டருக்கேனும் விலகி நின்று, பிள்ளைகளையும் மாடுகளையும் அப்பால் ஓட்டி, செய்தி அனுப்புக. உயர்ந்த கோபுரங்களில் செல்லும் கம்பிகளின்கீழ்க் குப்பை கொளுத்துவதும், மரங்களை ஓங்கி வளரவிடுவதும் கூடா. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து கோடி மக்களை இருளில் ஆழ்த்திய தடைக்கு, ஒகாயோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்களில் கம்பி உரசியதும் ஒரு காரணமாயிருந்தது.