தம்பி பிரான்ஸுக்குப் படிக்கப் போறானா? லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



"சார், தம்பிக்கு பிரான்ஸ்ல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு. அப்பா விவசாயம், ஐடி ரிட்டர்ன் கிடையாது. அதனால பேங்க்ல என்னை கோ-அப்ளிகன்ட்டா வரச் சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?"

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியோட வர்றவங்க பெரும்பாலும் 25லிருந்து 30 வயசுக்குள்ள இருப்பாங்க. வீட்டுல முதன்முதலா மாசச் சம்பளம் வாங்குறவங்க. தம்பிக்கோ தங்கச்சிக்கோ செய்யணும்கிற ஆசை இருக்கும், கூடவே பயமும் இருக்கும். வீடியோவுல சுருக்கமா சொன்னதை இங்க முழுக் கணக்கோட எழுதுறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு ஊரை எடுத்துக்குவோம்: கிரெனோபிள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல இருக்கிற மாணவர் நகரம். எலக்ட்ரானிக்ஸ், செமிகண்டக்டர் துறைக்குப் பேர் போனது. பாரிஸை விட வாடகை குறைவு.

1. செலவு ஃபீஸ்ல இல்ல, வாழ்றதுல இருக்கு

பிரான்ஸ்ல அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஃபீஸை அரசே நிர்ணயிக்குது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வர்ற மாஸ்டர்ஸ் மாணவருக்கு இப்போ வருஷத்துக்குச் சுமார் 3,900 யூரோ. சில பல்கலைக்கழகங்கள் தள்ளுபடி கொடுத்து, உள்ளூர் மாணவர் கட்டுற சுமார் 250 யூரோவையே வாங்குறாங்க. இது இடத்துக்கு இடம் மாறும். அட்மிஷன் கடிதம் வந்ததும் ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. 2 வருஷத்துல 7 லட்சம் ரூபாய்க்கு மேல வித்தியாசம் வரும்.

1 யூரோ = 105 ரூபாய்னு வச்சு, நான் போடுற பட்ஜெட் இது:

- ஃபீஸ், மாணவர் கட்டணம் (சிவெக்) சேர்த்து: வருஷத்துக்கு 4,000 யூரோ
- ரூம் வாடகை: மாசம் 400
- சாப்பாடு: மாசம் 200
- பஸ், போன்: மாசம் 50
- குளிர் உடுப்பு, புத்தகம், இதர செலவு: மாசம் 100

மாசம் 750 யூரோ, 12 மாசத்துக்கு 9,000. ஃபீஸோட சேர்த்தா வருஷம் 13,000 யூரோ, அதாவது 13.65 லட்சம் ரூபாய். 2 வருஷத்துக்கு 27.3 லட்சம். விசா, டிக்கெட், ரூம் அட்வான்ஸுக்கு 2.5 லட்சம் சேர்த்தா கிட்டத்தட்ட 30 லட்சம்.

'க்ரூஸ்' அரசு மாணவர் விடுதியில இடம் கிடைச்சா வாடகை இன்னும் குறையும். அவங்க நடத்துற உணவகத்துல ஒரு வேளை முழுச் சாப்பாடு 3.30 யூரோவுக்குள்ள முடிஞ்சிடும்.

யூரோ விலையையும் கவனிங்க. 2022 செப்டம்பர்ல 80 ரூபாய் பக்கத்துல இருந்தது, 2025 கடைசியில 100ஐத் தாண்டிடுச்சு. அதனால பட்ஜெட்டுக்கு மேல 10% தனியா எடுத்து வைங்க.

2. தனியார் காலேஜா? ஒரு கேள்வி கேட்டே ஆகணும்

தனியார் பிசினஸ் ஸ்கூல்ல படிப்பு முழுக்க 20,000 யூரோவுக்கு மேல போறது சாதாரணம். நிறைய கன்சல்டன்சிகளுக்குக் கமிஷன் தர்றது தனியார் காலேஜ்கள்தான். "ஃப்ரீ கவுன்சிலிங்"னு சொல்றப்போ இதை மனசுல வைங்க.

கேட்க வேண்டியது இதுதான்: "இந்தப் படிப்புக்கு 'க்ராட் த மாஸ்டர்' அங்கீகாரம் இருக்கா?" பிரெஞ்சு அரசு ஒரு டிகிரியை மாஸ்டர்ஸ் தரம்னு ஒத்துக்கிறதுக்கு அதுதான் அடையாளம். அந்தத் தரத்துல முடிக்கிற இந்திய மாணவருக்கு, படிப்பு முடிஞ்சதும் வேலை தேட 2 வருஷம் வரை தங்க வழி இருக்கு. பேர்ல மட்டும் 'எம்எஸ்சி' இருந்து அங்கீகாரம் இல்லாட்டி, இந்தக் கதவு மூடிடலாம். உங்க லோன் திரும்பி வர்றதே இந்தக் கதவை நம்பித்தான்.

3. வரவுப் பக்கத்துல எழுதக் கூடாதவை

- பார்ட் டைம் வேலை: மாணவர் வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி பிடித்தம் போக மணிக்கு 9 யூரோவுக்கு மேல. பேப்பர்ல 9,000 யூரோ வருது, ஆனா பிரெஞ்சு பேசத் தெரியாம முதல் வருஷம் வேலை கிடைக்கிறது கஷ்டம். பட்ஜெட்ல பூஜ்யம் போடுங்க.
- வாடகை உதவி (காஃப்): வெளிநாட்டு மாணவர்களுக்கான விதிகளை அரசு இறுக்கிக்கிட்டு வருது. கிடைச்சா சந்தோஷம், கணக்குல வேண்டாம்.
- இன்டர்ன்ஷிப்: 2 மாசத்துக்கு மேல போனா சட்டப்படி உதவித்தொகை கொடுத்தாகணும். முழு நேரம்னா மாசம் 600 யூரோவுக்கு மேல வரும். இதை இரண்டாவது வருஷத்துல மட்டும் பாதியா எழுதலாம்.

விசாவுக்கு மாசம் 615 யூரோ வீதம் ஒரு வருஷத்துக்கான பணம் காட்டணும். அது 7,380 யூரோ, சுமார் 7.75 லட்சம். லோன் சாங்ஷன் லெட்டரும் இதுக்கு ஆதாரமா உதவும். கந்துவட்டிக்கு வாங்கி அக்கவுண்ட்ல போட்டுக் காட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. பேங்க் என்ன கேட்கும்?

அரசு வங்கிகள்ல பொதுவா 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டாங்க. அதுக்கு மேலன்னா வீடு, மனை, எஃப்டி ஏதாவது வேணும். "நமக்கு 4 ஏக்கர் இருக்கே"ம்பாங்க வீட்டுல. கடன் வராட்டி பேங்க் சொத்தை எடுக்கப் பயன்படுத்துற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால படிப்புக் கடனுக்கு விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏத்துக்கிறதில்ல. அப்ரூவல் உள்ள மனை, பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாத்தையும் 3 மாசம் முன்னாடியே சரிபார்த்து வைங்க.

5. நீங்க கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?

*வரிச் சலுகை கிடைக்குமா?* "80-இ இருக்கு சார், வட்டி முழுக்க கழிச்சுக்கலாம்"னு சொல்லுவாங்க. அந்தப் பிரிவு உங்க படிப்பு, உங்க கணவன் அல்லது மனைவி, உங்க பிள்ளைங்க, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், இவங்களுக்கு மட்டும்தான். கூடப் பிறந்தவங்க அந்தப் பட்டியல்ல இல்ல. தம்பிக்காக நீங்க கட்டுற வட்டிக்கு உங்களுக்குக் கழிவு கிடையாது.

அது மட்டுமில்ல, 80-இ பழைய வரி முறையில மட்டும்தான். 2025-26ல புது முறையில 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு வரியே இல்ல. உங்க சம்பளம் அதுக்குள்ளன்னா, அப்படியொரு சலுகை கிடைச்சாலும் மிச்சமாக எதுவும் இல்ல. வரிச் சலுகைக்காகக் கையெழுத்துன்னு யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்க.

*சிபில் என்ன ஆகும்?* கோ-அப்ளிகன்ட்னா சாட்சிக் கையெழுத்து இல்ல, முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பு. கடன் உங்க சிபில் ரிப்போர்ட்லயும் ஏறும். கைக்கு 60,000 சம்பளம் வருதுன்னா, எல்லா இஎம்ஐயும் சேர்ந்து பாதிக்குள்ள, அதாவது 30,000க்குள்ள இருக்கணும்னு பல பேங்க் பார்க்கும். தம்பி லோனே அதை நிரப்பிட்டா, 3 வருஷம் கழிச்சு உங்க ஹோம் லோனுக்கு இடமே இருக்காது. கல்யாணப் பேச்சு நடக்குற வயசுல இது சின்ன விஷயம் இல்ல.

6. உங்க பணம் உண்மையா வேலை செய்யுற இடம்

20 லட்சம் லோன், 11% வட்டி, வருஷத்துக்கு 10 லட்சமா ரெண்டு தவணையில எடுக்குறோம்னு வைங்க. படிப்பு 2 வருஷம், அதுக்கப்புறம் 1 வருஷம் இஎம்ஐ கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். தனி வட்டியாப் பார்த்தாலே 3 வருஷத்துல 5.5 லட்சம்.

- வட்டியைக் கட்டாம விட்டா: கடன் 25.5 லட்சம் ஆகுது. 10 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 35,100.
- மாசாமாசம் வட்டியைக் கட்டினா (முதல் வருஷம் சுமார் 9,200, அப்புறம் 18,300): கடன் 20 லட்சமாவே நிக்குது. இஎம்ஐ சுமார் 27,550.

மாசம் 7,500 ரூபாய்க்கு மேல மிச்சம், 10 வருஷத்துல 9 லட்சம். முடிஞ்சா அப்பாவோ அம்மாவோ வருமானச் சான்றோட கோ-அப்ளிகன்ட்டா இருக்கட்டும். நீங்க இந்த வட்டியை ஏத்துக்கோங்க. உதவியும் ஆச்சு, உங்க சிபில்லயும் சுமை ஏறாது. அண்ணன் தம்பிக்குக் கொடுக்கிற பணத்துக்கு கிஃப்ட் வரியும் இல்ல.

7. பணம் அனுப்பும்போது

வெளிநாட்டுக்கு அனுப்புறப்போ ஒருத்தருக்கு ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்ல. அதுக்கு மேல போற தொகைக்கு, சொந்தப் பணத்துல படிப்புச் செலவுன்னா 2025-26ல 5%ஆ இருந்தது. பேங்க் படிப்புக் கடன்லேர்ந்து போற பணத்துக்கு டிசிஎஸ்ஸே கிடையாது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அனுப்புற அன்னைக்குக் கேட்டுக்கோங்க.

செப்டம்பர்ல போனா மார்ச்சுக்குள்ள ஃபீஸும் 7 மாசச் செலவும் சேர்ந்து சுமார் 9.7 லட்சம். வரம்புக்குள்ளயே முடியும். அடுத்த வருஷம் அப்பா கணக்குல அவர் பணம், உங்க கணக்குல உங்க பணம்னு பிரிச்சு அனுப்பலாம். பிடிச்சிட்டாலும் தொலைஞ்சு போகாது. ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், இல்லாட்டி ஆபீஸ்ல அதுக்கான படிவம் கொடுத்தா சம்பள டிடிஎஸ்லயே சரி பண்ணிடுவாங்க.

8. கடைசியா ஒரே ஒரு பரீட்சை

தம்பிகிட்ட இதைக் கேளுங்க: "அங்க வேலை கிடைக்காம திரும்பி வந்து, இங்க மாசம் 40,000 சம்பளம்னா, இந்த இஎம்ஐ கட்ட முடியுமா?" 27,550ஏ கஷ்டம், 35,100 நடக்காத காரியம். பதில் "முடியாது"ன்னா, கடனைச் சின்னதாக்க வழி தேடுங்க. ஃபீஸ் தள்ளுபடி உள்ள பல்கலைக்கழகம் ஒண்ணு. சார்பாக், ஐஃபல் உதவித்தொகைகள் இன்னொண்ணு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பமா இருந்தா தமிழக அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைக்கு கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க.

இன்னொரு முதலீடும் இருக்கு, பிரெஞ்சு மொழி. பாடம் இங்கிலீஷ்ல நடந்தாலும் வேலை பிரெஞ்சுலதான். சென்னை, புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ்ல வகுப்பு இருக்கு. சீட்டுக்குக் காத்திருக்கிற மாசங்கள்லயே ஆரம்பிக்கச் சொல்லுங்க. 30 லட்சம் பட்ஜெட்ல மிகக் குறைஞ்ச செலவு அது, வேலை வாங்கித் தர்றதும் அதுதான்.

இந்த வாரம் ஞாயித்துக்கிழமை அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் உட்கார்ந்து உங்க வீட்டு எண்களை வச்சு இதே கணக்கைப் போடுங்க. கையெழுத்தைப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்.