‘செவன்’ காப்பியா?

கேள்வி: ‘தி லிட்டில் திங்ஸ்’ பார்த்தேன். ‘செவன்’ படத்தை உல்டா பண்ணியிருக்கிறார்களோ?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜான் லீ ஹான்காக் இந்தத் திரைக்கதையை எழுதியது 1993-இல்; ‘செவன்’ வந்ததே 1995-இல்தான். இவர் கதை திரைக்கு வர 2021 ஆகிவிட்டது, பாவம்! பழைய வழக்கொன்றின் குற்றவுணர்ச்சியில் டென்ஸல் வாஷிங்டன் உள்ளுக்குள் வேகிறார். ராமி மாலிக்கும் கண்ணெதிரே அதே குழியில் விழுகிறார். சந்தேகத்துக்குரிய ஜாரெட் லெட்டோ கைகாட்டும் இடத்தையெல்லாம், பாலைவன இருட்டில், மண்வெட்டியால் மாலிக் தோண்டிக்கொண்டே இருக்கிறாரே, அந்த ஒரு காட்சிக்கே கொடுத்த காசு சரி. கொலைகாரன் இவன்தானா என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லாததில் பலருக்குக் கோபம். எனக்கு அதுதான் பிடித்தது. முதல் பாதி மட்டும் ஆமை வேகம்.